இலவச உரம் தருவோம் என்றார்கள், உரத்தையே நிறுத்தினார்கள்

கேள்வி: ''டோல்கேட் பக்கம் குடியிருக்கிறேன். கன்டெய்னர் யார்டில் வேலை. மீஞ்சூரைத் தாண்டி மூன்று ஏக்கர் நெல் நிலம் இருக்கிறது, தம்பிதான் பார்க்கிறான். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருக்கிறோம். அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில், 'எல்லாம் இலவசம், எல்லாக் கடனும் தள்ளுபடி' என்று பேசுகிற ஒரு கட்சி வந்துவிடும் என்று இங்கே டீக்கடையில் தினமும் பேச்சு. தம்பிக்கு அதில் சந்தோஷம். கடனைக் கட்டவே வேண்டாம் என்கிறான். எனக்கு என்னவோ பயமாக இருக்கிறது. இந்தப் பயம் நியாயமானதா? கடனைக் கட்டுவதா, காத்திருப்பதா?''

- பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகர், டோல்கேட், சென்னை.

பதில்: எந்தக் கட்சி என்று வாசகர் எழுதவில்லை. நல்லதுதான். பெயரைப் போட்டிருந்தால் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்சிக்காரர் ஆகிவிடுவார்கள், மீதிப் பேர் எதிர்க்கட்சிக்காரர் ஆகிவிடுவார்கள். விவசாயியாக யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று பயம், இன்னொன்று கடன். கடனுக்குப் பதில் சுலபம், அது கடைசியில். பயத்துக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022 மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு ஒரு நிவாரணக் கப்பல் கிளம்பியது. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், அவற்றோடு மருந்துகள். தமிழக அரசு மொத்தம் 40,000 டன் அரிசி தருவதாக அறிவித்திருந்தது. அதில் இது முதல் தவணை. டோல்கேட்டில் குடியிருந்து கன்டெய்னர் வேலை பார்ப்பவருக்கு அந்தச் செய்தி நினைவிருக்கும்.

இலங்கை அரிசிக்குக் கையேந்துகிற நாடு அல்ல. அதற்கு ஓராண்டுக்கு முன்புவரை தனக்கு வேண்டிய அரிசியை ஏறக்குறைய முழுவதுமாக விளைவித்துக்கொண்ட நாடு. அந்த நாட்டுக்குச் சென்னையிலிருந்து அரிசி மூட்டை போக வேண்டி வந்தது ஏன் என்று தெரிந்துகொண்டால், வாசகரின் பயத்துக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

கதை 2019ல் ஆரம்பிக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறு அன்று நடந்த குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாடே கலங்கிப்போயிருந்த நேரத்தில் நவம்பரில் ஜனாதிபதி தேர்தல். ராஜபக்ச குடும்பத்தின் ஸ்ரீலங்கா பொதுஜன பெரமுன சார்பில் நின்றவர் கோத்தபய ராஜபக்ச. இறுதிப் போரின்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர். 'பலமான தலைவர் ஒருவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதுதான் அந்தத் தேர்தலின் பேச்சு. வடக்கிலும் கிழக்கிலும் இருந்த தமிழர்கள் அவர் வந்துவிடுவாரோ என்று பயந்தார்கள். பயத்தை வாக்குச்சீட்டிலும் காட்டினார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்கே விழுந்தது. ஆனால், நாடு முழுக்கச் சேர்த்து எண்ணியபோது கோத்தபய 52.25 சதவீதம் வாங்கி ஜெயித்துவிட்டார்.

அந்தப் பயம் நியாயமானது. உயிரையும் உறவுகளையும் இழந்தவர்களின் பயம் அது. ஆனால், அதைத் தாண்டி இன்னொரு விஷயம் தேர்தல் அறிக்கையின் விவசாயப் பகுதியில் இருந்தது. அதைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. விவசாயிகளுக்கு உரம் இலவசம், பத்து ஆண்டுகளில் நாடு முழுக்க இயற்கை விவசாயத்துக்கு மாறுவது என்ற இரண்டும் ஒரே அறிக்கையில் இருந்தன. இலவச உரத்தை சஜித்தும்தான் சொன்னார். ஆகவே, அதைப் பற்றி விவாதமே நடக்கவில்லை. இயற்கை விவசாயம் என்பது கேட்க நன்றாக இருந்தது. பத்து வருஷம் என்றால் யார் பார்க்கப்போகிறார்கள்?

ஆட்சிக்கு வந்த உடனே வரியைக் குறைத்தார்கள். மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கியது. கடைக்காரருக்கும் சந்தோஷம், வாங்குகிறவருக்கும் சந்தோஷம். நெல் விவசாயிகளுக்கு உரமும் இலவசமாகக் கிடைத்தது. 2020 ஆகஸ்ட் நாடாளுமன்றத் தேர்தலில் 225 இடங்களில் 145 இடங்கள் அந்தக் கட்சிக்கே. இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால், வாசகரின் தம்பி சொல்வதுதான் சரி.

ஆனால், கஜானாவுக்கு வரும் வரியைக் குறைத்துவிட்டு, அதே கஜானாவிலிருந்து உரம் வாங்கி இலவசமாகக் கொடுத்தால் எத்தனை போகத்துக்குத் தாங்கும்? அதற்குள் கொரோனா வந்தது. சுற்றுலாப் பயணிகள் வரவில்லை, டாலர் வரவில்லை. உரமோ டாலர் கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. உர இறக்குமதியை நிறுத்தினால் ஆண்டுக்கு 40 கோடி டாலர் மிச்சமாகும் என்ற கணக்கு அரசுத் தரப்பில் பேசப்பட்டது. 2021 ஏப்ரல் இறுதியில் அறிவிப்பு வந்தது, மே 6ஆம் தேதி அரசிதழில் உத்தரவே வந்துவிட்டது. ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதிக்குத் தடை. பத்து ஆண்டுகளில் செய்வதாகச் சொன்னது ஒரே வாரத்தில் சட்டமானது. இலவசமாகத் தருகிறோம் என்று சொல்லி வந்தவர்களால் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்ற நிலை வந்தது. இலவசமும் தடையும் வேறு வேறு கதையில்லை, ஒரே கணக்கின் வரவும் செலவும்தான்.

இங்கே இயற்கை விவசாயம் செய்யும் வாசகர்கள் கோபப்பட வேண்டாம். தப்பு இயற்கை விவசாயத்தில் இல்லை. எவ்வளவு அவசரமாகச் செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. வீட்டுக் கணக்காகப் பார்த்தால் புரியும்.

ஒரு ஏக்கர் நெல்லுக்குச் சுமார் 60 கிலோ தழைச்சத்து தேவை என்று வைத்துக்கொள்வோம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. யூரியாவாக மட்டுமே கொடுத்தால் 130 கிலோ, அதாவது மூன்று மூட்டை. தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான். வழக்கமான பரிந்துரைப்படி ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போட்டால் அதில் மொத்தம் 25 கிலோ தழைச்சத்து இருக்கும். அதுவும் அந்தப் போகத்திலேயே முழுவதும் பயிருக்குக் கிடைக்காது, மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் அதிகம். மீதி மண்ணில் மெதுவாகத்தான் கரையும். யூரியா இல்லாமல் அந்தப் போகத்துக்கே 60 கிலோவைத் தொழுவுரத்தால் ஈடுகட்ட வேண்டுமென்றால் ஏக்கருக்கு 30 டன்னுக்கு மேல் தேவை. டிராக்டர் டிப்பரில் பத்து நடைக்கு மேல். ஒரு ஏக்கருக்கே இப்படி. நாடு முழுக்க இருக்கும் நெல் வயலுக்கு, ஆறு மாதத்தில், எந்த மாட்டுத் தொழுவத்திலிருந்து வரும்? நான்கைந்து வருஷம் தொடர்ந்து தொழுவுரம், பசுந்தாள் உரம் போட்டு மண்ணைத் தேற்றியவருக்கு இந்தக் கணக்கு வேறு. அவருக்கு மண்ணே இருப்பு வைத்திருக்கும். நேற்றுவரை யூரியா போட்ட வயலுக்கு அந்த இருப்பு கிடையாது.

இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. சிக்கிம் முழு இயற்கை மாநிலமாவது என்று 2003ல் சட்டசபையில் தீர்மானித்தது. 2016ல்தான் அப்படி அறிவிக்க முடிந்தது. அதுவும் சிறிய மலை மாநிலம், முன்பிருந்தே ரசாயன உரம் குறைவாகப் போட்ட மண். அங்கேயே 13 ஆண்டுகள்.

இலங்கையில் இதைச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழக வேளாண் விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். நெல் மகசூல் நாலில் ஒரு பங்கு வரை குறையும், தேயிலை அதைவிட அதிகமாகக் குறையும் என்று வேளாண் பொருளாதார வல்லுநர்கள் முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொன்னார்கள். கேட்கவில்லை. தலைவருக்குத் தெரியாதது வாத்தியாருக்கு என்ன தெரியும் என்ற போக்கு. கவர்ச்சி அரசியலில் இலவசத்தைவிட ஆபத்தானது இதுதான். மூன்றில் இரண்டு பங்கு இடங்களை நெருங்கிய கட்சிக்கு, 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்கிறவர் எல்லாம் எதிரியாகத் தெரிந்தார்.

அவசரத்துக்குச் சீனாவிலிருந்து சேதனப் பசளை (இயற்கை உரத்துக்கு அங்கே அதுதான் பெயர்) வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். மாதிரியைச் சோதித்த இலங்கையின் தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையம், பயிரைத் தாக்கக்கூடிய பாக்டீரியா இருப்பதாகச் சொல்லி அனுமதி மறுத்தது. கப்பல் சரக்கை இறக்க முடியாமல் கடலிலேயே சுற்றியது. கடைசியில், வாங்காத உரத்துக்கு 67 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

வயலில் நடந்தது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். 2020-21 பெரும்போகத்தில் சுமார் 30 லட்சம் டன் நெல் விளைந்தது. அடுத்த பெரும்போகத்தில் அது 20 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நஷ்டம். தேயிலை 2021ல் ஏறக்குறைய 30 கோடி கிலோ, 2022ல் 25 கோடி கிலோ. தேயிலை குறைந்தால் அடி விழுவது தோட்ட முதலாளிக்கு மட்டுமில்லை. மலையகத் தமிழ்ப் பெண்கள் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுச் சம்பளம் என்ற கணக்கில் வேலை செய்பவர்கள். செடியில் கொழுந்து இல்லையென்றால் கூடையில் எடை இல்லை. எடை இல்லையென்றால் முழுச் சம்பளம் இல்லை.

கோத்தபயவுக்கு ஓட்டுப் போட்ட அநுராதபுரத்து விவசாயியும், எதிர்த்துப் போட்ட கிளிநொச்சி விவசாயியும் ஒரே மாதிரி மஞ்சளித்த பயிரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிங்கள விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2021 நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகத்து விதைப்பு நடந்து முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த மாதமே இந்தியாவிலிருந்து விமானப்படை விமானத்தில் நானோ திரவ உரம் போனது. யூரியா வந்து சேர்ந்தது 2022 ஜூலையில், இந்தியக் கடனுதவியில், 44,000 டன். கிட்டத்தட்ட அதே நாட்களில், ஜூலை 13 அன்று கோத்தபய நாட்டைவிட்டுப் போனார், மறுநாள் ராஜினாமா செய்தார். நெல் விவசாயிகளுக்கு நஷ்டஈடாக 20 கோடி டாலர் அறிவித்திருந்தார்கள். மிச்சம் பிடிக்க நினைத்த தொகையில் பாதி அங்கேயே போயிற்று. குறைந்த விளைச்சலுக்குப் பதிலாக வாங்கிய அரிசிக்கான டாலர் தனி.

இனி டோல்கேட் வாசகருக்கு. அடுத்த தேர்தலைப் பற்றிய பயத்தில் தப்பில்லை. ஆனால், எதைப் பார்த்துப் பயப்படுவது என்பதில் தெளிவு வேண்டும். 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டதும் பயந்துவிட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு விவசாயிக்கு 1990லிருந்து பம்புசெட் மின்சாரம் முழு இலவசம். அதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு, நிலத்தடி நீர் இறங்கிப்போனதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனாலும், அது இல்லாமல் திருவள்ளூர் மாவட்டத்தில் கிணற்றுப் பாசனக்காரர் எத்தனை பேர் நெல் வைத்திருப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொல்லி தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. கொடுக்க முடிந்தது ரூபாய்க்கு ஒரு படி, அதுவும் சென்னையிலும் கோவையிலும்தான். மேற்கொண்டு பணம் இல்லை என்று தெரிந்ததும் அண்ணாதுரை அரசு அதோடு நின்றது. நின்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். முடியாது என்று தெரிந்தபின் நிறுத்திக்கொண்டதால் பெரிய கேடு வரவில்லை.

ஆகவே, தேர்தல் அறிக்கை வந்தால் முதல் பக்கத்துத் தலைவர் படத்தைத் தாண்டி, விவசாயப் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். காசு எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரியாவது இருக்கிறதா? வரியையும் குறைப்போம், செலவையும் கூட்டுவோம் என்று ஒரே மூச்சில் சொல்கிறார்களா? விதை, உரம், கொள்முதல் மாதிரி விஷயங்களில் ஒரே நாளில் தலைகீழாக மாற்றுகிற யோசனை ஏதும் ஒளிந்திருக்கிறதா? அந்தக் கட்சி தன்னைக் கேள்வி கேட்ட விஞ்ஞானியை, அதிகாரியை, பத்திரிகைக்காரரை இதற்கு முன் எப்படி நடத்தியது? கடைசிக் கேள்விக்கு அறிக்கையில் பதில் இருக்காது, பழைய செய்திகளில் இருக்கும்.

நாடாளுமன்றத் தேர்தல் விவசாயியை நேரடியாகத் தொடுகிற இடம் முக்கியமாக உரம். அது மத்திய அரசின் கையில் இருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறதென்றால், உண்மையான விலையில் பெரும்பகுதியை மத்திய அரசு மானியமாகக் கொடுப்பதால்தான். டோல்கேட்டிலிருந்து மணலி பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை நாப்தாவிலிருந்து எரிவாயுவுக்கு மாறியிருக்கிறது. அந்த எரிவாயு எண்ணூர் முனையத்துக்குக் கப்பலில் வருகிறது. பொட்டாஷ் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி. ஆக, இங்கேயும் உரம் என்பது டாலர்தான். இந்தியாவின் டாலர் கையிருப்பு இலங்கையைப் போல இல்லை, பல மடங்கு பெரியது. இங்கே ஒரே உத்தரவில் உரம் நின்றுபோகும் என்று பயப்படக் காரணம் இல்லை. ஆனால், மானியம் குறைந்து மூட்டை விலை ஏறுவது எந்த ஆட்சியிலும் நடக்கக்கூடியது. (இந்த உரத்துக்கு வடசென்னை கொடுக்கும் விலை வேறு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் ஓடியது டோல்கேட்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.)

இப்போது கடன். கூட்டுறவு சங்கப் பயிர்க்கடன் தள்ளுபடியைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் செய்தது மாநில அரசுதான், 2006, 2016, 2021 ஆகிய மூன்று தடவையும். 2008ல் ஒருமுறை மத்திய அரசு செய்தது. அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 2029ல். பயிர்க்கடனோ ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது. 2029ல் வரலாம் என்று நினைக்கிற ஒரு கட்சி, சொல்லலாம் என்று நினைக்கிற ஒரு தள்ளுபடிக்காக இந்த வருஷக் கடனை நிறுத்திவைப்பது கணக்காகாது.

தம்பி சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2021ல் ஜனவரி 31ஆம் தேதி நிலுவையில் இருந்த 12,110 கோடி ரூபாய் கடன் தள்ளுபடியானது. 16 லட்சம் விவசாயிகளுக்கு மேல் பயன் பெற்றார்கள். அதற்கு முந்தைய வாரம் ஒழுங்காகக் கட்டியவருக்கு ஒன்றுமில்லை. கட்டியவர் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால், தள்ளுபடி யாருக்கு என்பதும் முன்கூட்டித் தெரியாது. 2016ல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் என்றார்கள். எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லி 2017ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நடுவில் இருந்த ஐந்து வருஷமும் நம்பிக் காத்திருந்த பெரிய விவசாயிகள் வட்டியோடு நின்றார்கள்.

உரிய தேதிக்குள் கட்டினால் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. தேதி தாண்டினால் வட்டியும் உண்டு, அடுத்த போகத்துக்குக் கடன் கிடைப்பதும் சிக்கல். அப்போது வெளியில் வாங்க வேண்டிவரும். ஆகவே தேதிக்குள் கட்டிவிட்டு, ரசீதை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த கடனுக்கு விண்ணப்பிப்பதுதான் மூன்று ஏக்கர்காரருக்கு லாபம். நிலம் யார் பெயரில் இருக்கிறது, கடன் யார் பெயரில் இருக்கிறது, அடங்கலில் சாகுபடியாளராக யார் பெயர் இருக்கிறது என்பதை அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். தள்ளுபடி வந்தாலும் சரி, பயிர் நஷ்டஈடு வந்தாலும் சரி, அந்தத் தாள்தான் பேசும்.

உர விலை பற்றிய பயத்துக்கு வயலிலேயே செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. சம்பாவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் 45ஆம் நாள் வாக்கில் மடக்கி உழுதால் 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து மண்ணுக்குக் கிடைக்கும். அதாவது சுமார் ஒரு மூட்டை யூரியா. மேலுரத்தைத் தேதி பார்த்துப் போடாமல், இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, நிறம் 4க்குக் கீழே இருந்தால் மட்டும் போட வேண்டும். வெள்ளைப்பொன்னி என்றால் 3. முதல் வருஷம் மூன்று ஏக்கரிலும் செய்ய வேண்டாம். ஒரு ஏக்கரில் செய்து பார்த்து, அறுவடையில் மூட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு மற்றதுக்குப் போகலாம். தக்கைப்பூண்டு விதை இருப்பு இருக்கிறதா, மானியம் உண்டா என்று மீஞ்சூர் வேளாண் விரிவாக்க மையத்தில் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. விதைக்கிற வாரத்தில் போனால் பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.